இரண்டு குறிப்பேடுகள்

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு கல்யாணத்துக்காக வேதாரண்யம் போயிருந்தேன். முகூர்த்தம் காலையிலேயே முடிந்துவிட்டது. திரும்புவதற்குப் பஸ் மாலையில்தான். இடைப்பட்ட நேரத்தில் கோடியக்கரைக்குப் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். கதை எழுதுகிறவனுக்குக் கடலைக் கண்டால் கரையில் நிற்கப் பொறுக்காது. வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரைப் பிடித்து, அவருடைய படகில் எங்களைக் கொஞ்ச தூரம் அழைத்துப் போகும்படி கேட்டுக்கொண்டேன். அவர் என்னையும் என் மனைவியின் பட்டுப்புடவையையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு, "சரி, ஏறுங்க சார்" என்றார்.

படகில் ஒரு சின்ன எஞ்சின் பொருத்தியிருந்தது. கரை மெல்லிய கோடாகத் தெரியும் தூரம் வந்ததும் அது இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுவிட்டது. என் மனைவி பேசவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்ததோடு சரி. பெரியவர் மட்டும் பதறவே இல்லை. எஞ்சினின் பிளக்கைக் கழற்றினார். துண்டின் முனையால் துடைத்தார். பிறகு மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, அதன் உள் அட்டையில் ஓர் ஓரத்தைக் கிழித்து, பிளக்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவே நுழைத்துப் பார்த்தார்.

"என்ன பார்க்கிறீங்க, பெரியவரே?" என்று கேட்டேன்.

"அளவு பாக்கிறேன் சார். சந்து கூடினாலும் பொறி வராது, குறைஞ்சாலும் வராது. இதுக்குன்னு அளவுத் தகடு கடையில வச்சிருப்பான். கடல்ல கடை ஏது?"

அட்டை சரியாக நுழைந்தது. பிளக் திரும்பவும் இடத்துக்குப் போயிற்று. எஞ்சின் ஓடியது. என் மனைவியின் முகத்திலும் ரத்தம் ஓடியது.

அந்தத் தீப்பெட்டி அட்டையை நான் மறந்தே போயிருப்பேன். ஆனால் பிற்பாடு 1968-ஆம் வருஷத்துப் படகுப் பந்தயம் ஒன்றைப் பற்றிப் படித்தபோது, அதே அட்டை வேறு உருவத்தில் என் முன்னால் வந்து நின்றது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். அதில் இரண்டு மனிதர்கள், இரண்டு படகுகள், இரண்டு குறிப்பேடுகள். இருவருக்கும் நம் தேசத்தோடு ஒரு சம்பந்தம் உண்டு.

1967-ல் பிரான்ஸிஸ் சிச்செஸ்டர் என்ற ஆங்கிலேயர் தன்னந்தனியாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றிவிட்டு ஊர் திரும்பினார். வழியில் ஒரே ஓர் இடத்தில், ஆஸ்திரேலியாவின் சிட்னி துறைமுகத்தில், தங்கிப் படகைப் பழுது பார்த்துக்கொண்டார். இங்கிலாந்தே அவரைத் தலையில் வைத்துக் கூத்தாடியது. அதன் பிறகு படகோட்டிகளின் மனத்தில் ஒரு கேள்விதான் மிஞ்சியது: எங்குமே நிற்காமல் சுற்றி வர முடியுமா? லண்டன் 'ஸண்டே டைம்ஸ்' பத்திரிகை 1968 மார்ச்சில் அதையே பந்தயமாக அறிவித்தது. தனி ஆள். எந்தத் துறைமுகத்திலும் நிற்கக் கூடாது. வெளியார் உதவி, உணவு, தண்ணீர், ஓர் ஆணி கூட வாங்கக் கூடாது. ஜூன் 1-க்கும் அக்டோபர் 31-க்கும் நடுவில் எப்போது வேண்டுமானாலும் புறப்படலாம். முதலில் திரும்புகிறவருக்குத் தங்க உருண்டைப் பரிசு. மிகக் குறைந்த நாட்களில் சுற்றியவருக்கு 5,000 பவுன்.

ஒன்பது பேர் புறப்பட்டார்கள். புறப்பட்ட துறைக்குத் திரும்பி வந்தவர் ஒரே ஒருவர். அவர் பெயர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். புறப்பட்டபோது வயது 29.

இந்த நாக்ஸ்-ஜான்ஸ்டன் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் கப்பல்களில் அதிகாரியாக வேலை பார்த்தவர். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம் பாட்டன்மார் ஏறிப்போன 'ரஜூலா' கப்பல் அதே கம்பெனியைச் சேர்ந்ததுதான். வேலை நிமித்தம் பம்பாய்க்கு வந்து போய்க்கொண்டிருந்த அவர், தமக்கென்று ஒரு படகை அங்கேயே கட்டிக்கொள்ள முடிவு செய்தார். 1963-ல் வேலை தொடங்கியது. இங்கிலாந்திலிருந்து தருவித்த வரைபடம் அவர் கேட்டது அல்ல. வேறு ஏதோ வந்து சேர்ந்தது. வில்லியம் அட்கின் என்ற அமெரிக்கர் பல வருஷங்களுக்கு முன்பு, நார்வே தேசத்து உயிர்காப்புப் படகுகளை மாதிரியாகக் கொண்டு போட்ட பழைய வரைபடம் அது. திருப்பி அனுப்பி வேறு வரவழைக்க நேரமில்லை. இருப்பதைக் கொண்டு கட்டுங்கள் என்று சொல்லிவிட்டார்.

மரம் தேக்கு. கருவிகள், நம் ஊர்த் தச்சர்கள் தலைமுறை தலைமுறையாகப் பிடித்துவந்த வாய்ச்சியும், கயிற்றைச் சுற்றி இழுத்துச் சுழற்றும் துரப்பணமும்தான். மின்சாரக் கருவிகளால் ஒரு வாரத்தில் முடியும் வேலையை அவர்கள் மாதக்கணக்கில் செய்தார்கள். நீளம் சுமார் 32 அடி, இரண்டு பாய்மரங்கள், பருத்த உடல். பார்ப்பதற்குப் பந்தயக் குதிரை மாதிரி இல்லை; வண்டி மாடு மாதிரி இருந்தது. 1964 கடைசியில் அணியத்தில் தேங்காய் உடைத்துத் தண்ணீரில் இறக்கினார்கள். 'சுஹைலி' என்று பெயர். பாரசீக வளைகுடாவில் அடிக்கும் தென்கிழக்குக் காற்றுக்கு அரபு மாலுமிகள் வைத்த பெயர் அது. அவர்கள் மொழியில் 'சுஹைல்' என்பது நாம் அகஸ்திய நட்சத்திரம் என்று வணங்கும் விண்மீன்.

பந்தயக் கதைகளிலெல்லாம் ஓட்டியவருடைய பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. வாய்ச்சி பிடித்தவர்கள் 'பம்பாய்த் தச்சர்கள்' என்ற இரண்டு சொற்களோடு முடிந்துபோகிறார்கள். ஆனால் மரம் மறப்பதில்லை. ஐம்பது வருஷம் கழித்து 2018-ல் அதே பந்தயத்தை நினைவுகூர்ந்து மறுபடி நடத்தியபோது, நம் கடற்படை வீரர் அபிலாஷ் டோமி ஓட்டிச்சென்ற 'துரியா' என்ற படகைச் சுஹைலியைப் போலவே கோவாவில் கட்டினார்கள். நல்ல வேலைக்கு இதைவிடப் பெரிய பட்டயம் எதற்கு?

உண்மையைச் சொன்னால், சுஹைலியில் போக வேண்டும் என்று நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஆசைப்படவில்லை. இரும்பில் ஒரு புதிய பெரிய படகு வேண்டும் என்று அலைந்தார். பணம் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. சுஹைலியை விற்றுப் பார்க்கலாம் என்றால் அதையும் வாங்குவார் இல்லை. கடைசியில், கட்டிய மனைவியோடு குடித்தனம் நடத்துவது என்று தீர்மானித்தவரைப் போல, இருக்கும் படகையே ஆயத்தம் செய்யத் தொடங்கினார்.

அதுவே அவருடைய பாக்கியமாயிற்று என்பது என் அபிப்பிராயம். பம்பாயிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கும், அங்கிருந்து லண்டனுக்கும் அந்தப் படகைக் கொண்டுவந்தவர் அவர். எந்தப் பலகை எந்தக் காற்றில் முனகும், எந்தக் கயிறு எங்கே உராயும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நீண்ட பிரயாணத்துக்கு ஆயத்தம் செய்வது என்றால் சாமான் வாங்கி அடுக்குவது என்றே நாம் நினைக்கிறோம். சாமானும் வேண்டியதுதான். பத்து மாதத்துக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட உணவு டின்கள் ஏற்றினார். படகின் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கும். டின்னில் ஒட்டிய காகிதம் ஊறி உரிந்துவிட்டால், எதில் கறி, எதில் பழம் என்பது திறந்த பிறகே தெரியும். ஆகையால் கடற்பிரயாணிகள் காகிதத்தை உரித்துவிட்டு, டின்னின் மேலேயே அடையாளம் எழுதி வார்னிஷ் பூசி வைப்பார்கள். அப்புறம் மாற்றுப் பாய்கள், கயிறுகள், பாய் தைக்கும் ஊசி நூல், கலப்பத்துக்குப் பஞ்சு, தார், செப்பு ஆணி, உளி, சுத்தி. ஆனால் இவற்றுக்கெல்லாம் மேலான ஆயத்தம் ஒன்று உண்டு. இந்தப் படகில் எது எது குறை என்று தனக்குத் தானே ஒளிக்காமல் சொல்லிக்கொள்வது.

பந்தயம் நடத்தியவர்கள் அவரை ஒரு மனோதத்துவ வைத்தியரிடமும் அனுப்பினார்கள். தனிமையில் மூளை என்ன ஆகிறது என்று பார்க்க ஆசை. வைத்தியர் பரிசோதித்துவிட்டு, 'வேதனைப்படும் அளவுக்குச் சாதாரண மனிதர்' என்று எழுதிக்கொடுத்தார். திரும்பி வந்த பிறகும் அதே வைத்தியர் அதையேதான் சொன்னாராம்.

1968 ஜூன் 14-ந் தேதி இங்கிலாந்தின் ஃபால்மத் துறையிலிருந்து சுஹைலி புறப்பட்டது. அட்லாண்டிக்கில் தெற்கே இறங்கும்போதே தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்தது. இறைத்தால் மீண்டும் ஊறியது. எங்கே கசிகிறது என்று தெரிய வேண்டும். பாயை இறக்கிப் படகை நிறுத்திவிட்டு, முகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடலில் குதித்தார். படகின் முதுகெலும்பான அடிக்கட்டையை நம் கடற்கரையில் 'ஏரா' என்பார்கள். அதை ஒட்டிய முதல் பலகையில், இரண்டு பக்கமும் ஏறக்குறைய எட்டடி நீளத்துக்கு இணைப்பு வாய் பிளந்திருந்தது.

கரையில் இது ஒன்றும் பெரிய வேலை இல்லை. படகை இழுத்துப்போட்டுப் பஞ்சைத் திணித்துக் கலப்பத்து அடித்தால் ஒரு பகலில் முடியும். நடுக்கடலில், நீருக்கடியில், மூச்சை அடக்கிக்கொண்டு ஒற்றை ஆள் எப்படிச் செய்வது? பஞ்சைத் திணித்தார்; சுத்தி அடிக்குமுன் பஞ்சு மிதந்து வெளியே வந்தது. மேலே ஏறி உட்கார்ந்து யோசித்தார். ஒன்றரை அங்குல அகலக் கித்தான் நாடா ஒன்றில் பஞ்சை வைத்துத் தைத்தார். அதில் தார் பூசினார். நாடாவில் வரிசையாகச் செப்பு ஆணிகளைக் குத்திவைத்துக்கொண்டு மறுபடி குதித்தார். அலை படகைத் தூக்கித் தூக்கிப் போட, ஒரு மூச்சுக்கு ஓர் ஆணி, இரண்டு ஆணி என்று அடித்தார். அதன் மேல் ஒரு செப்புத் தகட்டை வைத்து மூடினார். படகில் ரேடியோவைப் பொருத்த வந்தவர்கள் மிச்சம் விட்டுப்போன தகடு அது. வெள்ளைத் தோல் சுறாவின் கண்ணை உறுத்தும் என்று நீலச் சட்டையும் கால்சராயும் போட்டுக்கொண்டு வேலை செய்தார். இருந்தும் ஒரு சுறா வந்தது. மேலே ஏறி, அது விலகுமா என்று பார்த்தார், விலகவில்லை. துப்பாக்கியால் சுட்டுவிட்டு, ரத்தத்துக்கு மற்றச் சுறாக்கள் வருகின்றனவா என்று சிறிது நேரம் காத்திருந்து, மீண்டும் இறங்கினார். கசிவு நின்றது.

பெருங்காற்று வீசும் தென்கடலில் இறங்கியதும் ஒரு ராட்சச அலை சுஹைலியைப் பக்கவாட்டில் சாய்த்துப் போட்டது. அறையின் கூரையே அசைந்து இடம் பெயர்ந்தது. தொட்டித் தண்ணீர் கெட்டுப்போயிற்று. அப்புறம் மழைத் தண்ணீரைப் பாயில் பிடித்துக் குடித்தார். பாட்டரியைச் சோதிக்கும்போது திராவகம் கண்ணில் தெறித்தது. ரேடியோவில் பேசும் சக்தி போயிற்று. படகோட்டி தூங்கும்போது சுக்கானைத் தானாகப் பிடித்துக்கொள்ளும் கருவி ஆஸ்திரேலியாவை நெருங்கும்போது அடியோடு உடைந்துபோயிற்று. பாதி உலகம் இன்னும் பாக்கி. பாய்களை இப்படியும் அப்படியும் திருத்திக் கட்டி, சுக்கானை ஒரு நிலையில் இறுக்கிவைத்து, படகே தன் வழியைப் பார்த்துக்கொள்ளும்படி பழக்கினார். பருத்த அந்த வண்டி மாடு அதற்கு இணங்கியது.

இனி, நான் சொல்ல வந்த விஷயம். பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் சிறு எஞ்சின் ஒரு நாள் மக்கர் செய்தது. அதில் பொறி உண்டாகும் முனைகளின் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பன்னிரண்டு முதல் பதினைந்து பங்குக்குள் இருக்க வேண்டும். அளவுத் தகடு படகில் இல்லை. எத்தனையோ சாமான் வாங்கியவர், சின்னஞ்சிறு தகட்டை மறந்துவிட்டார். உட்கார்ந்து யோசித்தார். தம்முடைய நாட்குறிப்பை எடுத்தார். அதன் தாள்களை அழுத்திப் பிடித்து எண்ணினார். இருநூறு தாள் ஓர் அங்குலம் இருந்தது. அப்படியானால் ஒரு தாளின் கனம் ஆயிரத்தில் ஐந்து பங்கு. மூன்று தாள் சேர்ந்தால் பதினைந்து. மூன்று தாளை முனைகளுக்கு நடுவே நுழைத்து அளவு வைத்தார். எஞ்சின் ஓடியது.

இதைப் படித்தபோது எனக்குக் கோடியக்கரைப் பெரியவரின் தீப்பெட்டி அட்டை ஞாபகம் வந்தது. "கடல்ல கடை ஏது?" என்ற கேள்விக்கு இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் பதில் கண்டுபிடித்திருக்கிறார்கள். இன்னொரு சமயம், பற்றவைக்க ஈயம் போதவில்லை என்று, உபரியாக இருந்த விளக்குப் பல்புகளின் அடியில் ஒட்டியிருந்த ஈயத் துளிகளை உருக்கிச் சேர்த்துக்கொண்டாராம்.

இரண்டாவது மனிதரின் பெயர் டொனால்ட் குரோஹர்ஸ்ட். 1932-ல் டில்லிக்குப் பக்கத்திலுள்ள காஸியாபாத்தில் பிறந்தவர். தகப்பனார் இந்திய ரயில்வேயில் உத்தியோகம் பார்த்தார். நாம் சுதந்திரம் பெற்றதும் அந்தக் குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பியது. சேமிப்பை இங்கே ஒரு விளையாட்டுச் சாமான் தொழிற்சாலையில் போட்டுவிட்டுப் போனார்கள். பிரிவினைக் கலவரத்தில் அது எரிந்துபோயிற்று. குரோஹர்ஸ்ட் பெரியவரானதும் மின்சாரக் கருவிகளில் கெட்டிக்காரரானார். படகோட்டிகள் திசை அறிய உதவும் ஒரு கருவியைத் தாமே அமைத்து விற்றார். வியாபாரம் தளர்ந்தது. மனைவி, நான்கு குழந்தைகள். பந்தயத்தில் ஜயித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினார்.

பணம் போட ஒருவர் முன்வந்தார். காரியம் நடக்காமல் போனால் படகை விலை கொடுத்துக் குரோஹர்ஸ்டே வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது ஒப்பந்தம். வீடும் வியாபாரமும் அதில் அடமானம் ஆயின. இந்த ஒரு வாக்கியத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிற்பாடு அவர் பட்ட பாட்டுக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது.

அவருடைய படகு மூன்று உடல் கொண்டது. நடுவில் பெரிய உடல், இருபுறமும் இரண்டு மிதவைகள். நம்முடைய 'கட்டுமரம்' என்ற சொல்லை வெள்ளைக்காரர்கள் எடுத்துக்கொண்டு, 'காட்டமரான்' ஆக்கி, அதையும் திருத்தி 'ட்ரைமரான்' என்றார்கள். ஓட்டத்தில் வேகமானது. ஆனால் ஒருமுறை கவிழ்ந்தால் தானாக நிமிராது. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். பாய்மர உச்சியில் ஒரு காற்றுப் பை. படகு சாய்ந்தால் ஒரு மின்சார மூளை அதைத் தெரிந்துகொண்டு பையை ஊதும். யோசனை பிரமாதம். அதற்கான கம்பிகளையும் படகு முழுக்க இழுத்திருந்தார்கள். அந்தக் கம்பிகளின் மறுமுனையில் எந்தக் கருவியும் இல்லை. செய்து முடிக்க நாள் இல்லாமல் போய்விட்டது.

செப்டம்பர் 23-ல்தான் படகு தண்ணீரில் இறங்கியது. வழக்கப்படி அணியத்தில் ஷாம்பெயின் புட்டியை அடித்தார்கள், புட்டி உடையவில்லை. நான் சகுனம் பார்க்கிறவன் அல்ல. ஆனாலும் பம்பாயில் உடைந்த தேங்காய் ஒரு கணம் நினைவுக்கு வரத்தான் செய்கிறது. புறப்படும் துறைக்குப் படகைக் கொண்டுவர மூன்று நாள் என்று கணக்குப் போட்டார்கள். பதின்மூன்று நாள் ஆயிற்று. கெடு அக்டோபர் 31. கடைசி இரவு அவர் மனைவியிடம், படகு சரியில்லை, தாம் ஆயத்தமாக இல்லை என்று சொன்னார். போகாமல் நின்றுவிட்டால் ஆயுள் முழுக்க வருந்துவீர்களா என்று அந்த அம்மாள் கேட்டாள். அவர் பதில் சொல்லாமல் அழுதாராம். 'போக வேண்டாம்' என்ற ஒரு சொல்லுக்காக அவர் காத்திருந்தார் என்பதைக் காலம் கடந்தே அவள் புரிந்துகொண்டாள். அக்டோபர் 31-ந் தேதி, கெடுவின் கடைசி நாள், அவர் புறப்பட்டார். வாங்கிவைத்த மாற்றுச் சாமான்களில் ஒரு பகுதி ஏற்ற மறந்து கரையிலேயே கிடந்தது.

கடலில் போனதும் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. மின்சார எஞ்சினுக்கு மேலிருந்த கதவு வழியே தண்ணீர் இறங்கியது. மிதவைகளில் நீர் புகுந்தது. பம்பு இருந்தது; அதில் பொருத்தும் ரப்பர்க் குழாய் இல்லை; வாளியால் இறைத்தார். தானாகச் சுக்கான் பிடிக்கும் கருவியிலிருந்து திருகாணிகள் கழன்று விழுந்தன. மாற்றுத் திருகாணிகள் இல்லை. ஓரிடத்தில் கழற்றி வேறோரிடத்தில் மாட்டினார்.

நவம்பர் நடுவில் அவர் தம் குறிப்பேட்டில் உட்கார்ந்து ஒரு நீண்ட கணக்கு எழுதினார். படகில் என்னென்ன பழுது, எது சரியாகும், எது ஆகாது, தென்கடலுக்குப் போனால் உயிரோடு வர எவ்வளவு சாத்தியம், திரும்பினால் வீடு என்ன ஆகும், பணம் போட்டவருக்கு என்ன சொல்வது, எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு வார்த்தை பொய் கிடையாது. அந்தப் பக்கங்களை அவர் எழுதியவற்றில் சிறந்தவை என்பேன். கடலில் போவது தற்கொலை, திரும்புவது தரித்திரம். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று அவர் கண்ணில் பட்டது.

டிசம்பர் 6-ந் தேதி முதல் அவர் இரண்டாவது கணக்கு ஒன்றை எழுதத் தொடங்கினார். ஒன்று உண்மையான இடம். மற்றொன்று உலகத்துக்குச் சொல்லும் இடம். ஒரே நாளில் 243 மைல் ஓடியதாகத் தந்தி அடித்தார். பத்திரிகைகள் கொண்டாடின. பிறகு ரேடியோவை நிறுத்திவிட்டு, தென்கடலுக்குப் போகாமல், அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் உலகைச் சுற்றித் திரும்பும் சமயத்தில் அவர்களோடு சேர்ந்துகொண்டு ஊருக்குப் போய்விடலாம் என்பது திட்டம். மார்ச் மாதம் அர்ஜென்டீனாக் கரையில் ரகசியமாக ஒதுங்கி, பிளந்துபோன மிதவைக்குப் பலகை அடித்துக்கொண்டார்.

கதை எழுதுகிறவனுக்கு இந்த இடம் சங்கடமான இடம். பொய்யை நம்பும்படி எழுதுவதுதான் என்னுடைய பிழைப்பும். போகாத கடலில், வீசாத காற்றை, நட்சத்திரக் கணக்கோடு பொருந்தும்படி எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். உண்மையாக ஓடியவன் சூரியனைப் பார்த்துக் கணக்கிடுவான். பொய்யாக ஓடுகிறவன் கணக்கைத் தலைகீழாகப் போட்டுச் சூரியனை அதன் இடத்தில் வைக்க வேண்டும். அந்த உழைப்பில் பத்தில் ஒரு பங்கு கரையில் இரண்டு மாதம் கிடைத்திருந்தால், ஒரு ரப்பர்க் குழாயும் ஒரு பொட்டலம் திருகாணியும் மறக்காமல் ஏறியிருக்கும்.

இதற்கிடையில் மற்றவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். பெர்னார்ட் முவாதெஸியே என்ற பிரெஞ்சுக்காரர் தந்திக் கம்பத்தையே பாய்மரமாக நட்ட இரும்புப் படகு வைத்திருந்தார். ஒரு கப்பலோடு மோதி வளைந்துபோன முன்கம்பத்தைக் கப்பியும் கயிறும் போட்டு நடுக்கடலில் நிமிர்த்திக்கொண்ட கெட்டிக்காரர். ஜயிக்கும் நிலையில் இருந்தபோது, பரிசும் வேண்டாம், புகழும் வேண்டாம் என்று இன்னொரு பாதி உலகம் ஓடி, டஹீட்டித் தீவில் போய் இறங்கிவிட்டார்.

நியூஸிலாந்துக்கு அப்பால் நாலரை மாதம் சுஹைலியைப் பற்றித் தகவலே இல்லை. ஏப்ரல் தொடக்கத்தில், அஸோர்ஸ் தீவுகள் பக்கம், ஓர் எண்ணெய்க் கப்பலுக்கு விளக்கால் சமிக்ஞை காட்டினார் நாக்ஸ்-ஜான்ஸ்டன். 1969 ஏப்ரல் 22-ந் தேதி, 312 நாள் கழித்து, ஃபால்மத்துக்கு வந்து சேர்ந்தார். சுங்க அதிகாரிகள் படகில் ஏறி, முறைப்படி, எந்தத் துறையிலிருந்து வருகிறீர் என்று கேட்டார்கள். ஃபால்மத்திலிருந்து என்று பதில் சொன்னார்.

வேகத்துக்கான பரிசு இன்னும் பாக்கி இருந்தது. நைஜல் டெட்லி என்பவர் குரோஹர்ஸ்டின் படகைப் போன்ற மூன்று உடல் படகிலேயே உலகைச் சுற்றி வீட்டை நெருங்கிக்கொண்டிருந்தார். பின்னால் குரோஹர்ஸ்ட் துரத்தி வருகிறார் என்று கேள்விப்பட்டு, தேய்ந்துபோன படகை விரட்டினார். மே 21-ந் தேதி அது உடைந்து மூழ்கியது. அவர் ரப்பர்த் தெப்பத்தில் ஏறிப் பிழைத்தார். இல்லாத படகு ஒன்று இருக்கிற படகைக் கவிழ்த்துவிட்டது. இனிமேல் குரோஹர்ஸ்ட் கூட்டத்தோடு கூட்டமாக வீடு சேர முடியாது. அவர்தான் பரிசுக்காரர். சிச்செஸ்டர் முதலியவர்கள் குறிப்பேட்டை வரிவரியாகப் பார்ப்பார்கள்.

ஜூன் மாதத்தில் அவருடைய ரேடியோ கெட்டது. வெயிலில் உட்கார்ந்து நாட்கணக்கில் கம்பி கம்பியாகப் பிரித்து, அதைத் திரும்பவும் பேசவைத்தார். கைவேலையில் அவர் நாக்ஸ்-ஜான்ஸ்டனுக்குக் குறைந்தவர் அல்ல என்பதற்கு இது சாட்சி. அது முடிந்த பிறகு குறிப்பேட்டில் சுமார் 25,000 சொற்கள் எழுதினார். கடவுளும் காலமும் கணிதமும் கலந்து குழம்பிய எழுத்து. ஜூலை 1-ந் தேதி எழுத்து நின்றது. ஜூலை 10-ந் தேதி ஒரு தபால் கப்பல் அந்தப் படகைக் கண்டது. பாய் விரித்தபடி, ஆள் இல்லாமல், மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. குறிப்பேடுகள் மேஜைமேல் ஒழுங்காக இருந்தன. அவர் உடல் கிடைக்கவே இல்லை. உண்மைக் கணக்கை மட்டும் கடலில் எறிந்திருந்தால் உலகம் உண்மையை அறிந்தே இராது. அந்த உண்மைக் கணக்கை அவர் விட்டுவிட்டுப் போனார். கடைசியில் அவரிடம் மிஞ்சிய நேர்மை அது என்று எனக்குத் தோன்றுகிறது.

வேகப் பரிசான 5,000 பவுனும் இப்போது நாக்ஸ்-ஜான்ஸ்டனுக்கே வந்தது. அவர் அதைக் குரோஹர்ஸ்டின் மனைவி மக்களுக்காகத் திரட்டிய நிதிக்குக் கொடுத்துவிட்டார். பிறகு மோசடி வெளிப்பட்டது. ஊர் முழுக்கப் பேசியது. கொடுத்ததைக் கொடுத்ததாகவே விட்டுவிட்டார். அந்த மனிதரைக் கடுமையாகத் தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை இல்லை என்றார். பணக்காரர் அல்ல அவர். புதிய படகுக்குப் பணம் கிடைக்காமல் பழைய படகில் போனவர். ஆனால் தனிமையில் ஒரு படகு பழுதாகும்போது மனிதனுக்குள் என்ன நடக்கிறது என்பது உலகத்தில் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இருவரும் கடலுக்குக் கொண்டுபோனது ஒரே மாதிரிக் காகிதம். ஒருவர் அதன் மூன்று தாளை எடுத்து, இருக்கிற இடைவெளியை அளந்தார். மற்றவர் அதே காகிதத்தால் இருக்கிற இடைவெளியை மூடப் பார்த்தார். ஆயத்தம் இல்லாமல் புறப்பட்டதுகூடப் பெரிய குற்றம் அல்ல. அளவுத் தகட்டை மறந்தவர்தானே ஜயித்தவரும்? இல்லாததை இல்லை என்று ஒப்புக்கொண்டால், தீப்பெட்டி அட்டையாவது கைக்கு எட்டும். அப்படி ஒப்புக்கொள்ளவும், பாதி வழியில் திரும்பி வரவும், ஒரு மனிதனுக்குக் கரையில் இடம் வைத்திருக்க வேண்டும். வீட்டை அடமானம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டு, அவன் ஏன் திரும்பவில்லை என்று கேட்பதில் நியாயம் இல்லை.

அன்று கோடியக்கரையில் கரை சேர்ந்ததும் பெரியவரிடம் பணம் கொடுத்தேன். அவர் எஞ்சினைக் காட்டி, "நாளைக்குப் புது பிளக் வாங்கிடணும் சார். அட்டை இன்னிக்குத்தான் தாங்கும்" என்றார். கிழித்த தீப்பெட்டியைப் பத்திரமாக மடியில் செருகிக்கொண்டு, வலையைப் பார்க்கப் போய்விட்டார்.